எந்த பிரான்சுவா?

1

அன்று மேசையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சூசைமேரி, காலமான என் தம்பியின் மகன் ரெக்ஸ், அவன் தங்கை ஆஷ்லின், அவளோடு காலாப்பட்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் இனியவன், எங்கள் பங்குத்தந்தை. வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை நம்ப வேண்டாம்.

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இலக்கிய ஆசை அல்ல, வெட்கம். பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் பாதியில் விடுவதை நானே முழுதாக எழுதிவிடுவது மேல்.

2

முதல் தொடக்கம்: "தலைமுறை தலைமுறையாக மாசற்ற பெயரைக் காத்துவரும் ஒரு குடும்பத்தில்..."

அடித்துவிட்டேன். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "ஒளி ஓர் அலை." நல்ல வாக்கியம். ஆனால் என்னுடையது அல்ல, ஆஷ்லின் சொன்னது. அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அலைக்கு உயரம் உண்டு. எந்த இடத்தில் எப்போது எழுகிறது, எப்போது தாழ்கிறது என்பதும் உண்டு. இந்த இரண்டாவதற்குக் கட்டம் என்று பெயர். கேமரா வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதியும், கட்டத்தைத் தொலைத்துவிடும். தொலைந்ததை மீட்பதுதான் அவள் ஆய்வு.

அதற்கு எஸ்.எல்.எம். என்றொரு கருவி, தபால்தலை அளவுக்கு ஒரு திரை. அதன் ஒவ்வொரு புள்ளியும் தன்மேல் படும் ஒளியை நாம் சொல்கிற அளவுக்குத் தாமதப்படுத்தும். தெரிந்த கோலங்களை அதில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒவ்வொரு கோலத்துக்கும் கேமரா கண்ட வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, தெரியாத கட்டத்தைக் கணினி தேடும். தேடுவதற்குத் தொடக்க ஊகம் ஒன்று வேண்டும். அதிலிருந்து திருத்தித் திருத்திப் போகும்.

(விருந்துக்கு வாங்கிய கேக்கின் மேல் "கட்டம் மீட்ட ஆஷ்லினுக்கு" என்று எழுதச் சொன்னேன். "முசே, நம்ம கிறிஸ்துவ வேதத்துல ஜாதகக் கட்டமெல்லாம் எப்பலேர்ந்து?" என்றார் பேக்கரிக்காரர்; அவருக்கு நான் 'முசே', பிரெஞ்சில் ஐயா. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.)

3

எங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு பிரான்சுவா என்றுதான் பெயர் வைப்போம். என் தந்தை பிரான்சுவா. நான் பிரான்சுவா. சோதனைக்கு ஏதாவது ஒரு படம் வேண்டும் என்று ஆஷ்லின் சொன்னபோது, "கண்ட படத்தை ஏன் போடுறே? உன் தாத்தாவைப் போடு" என்றேன். ஆக, திரையில் கட்டமாக ஒளித்து வைத்துத் தேட வேண்டிய முகம் என் தந்தையுடையது. தொடக்க ஊகத்துக்கு வேண்டுமென்றே தவறான ஒரு முகம் வேண்டும் என்றாள். என்னுடையதைக் கொடுத்தேன்.

பல கோலங்கள் பிடிக்கிற வேலையை இரண்டே கோலங்களில் முடித்துவிட்டாள். என் முகத்தில் தொடங்கிய கணினி என் தந்தையின் முகத்தில் போய் நின்றது. அதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள். மீட்ட படத்துக்குச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினேன். விருந்து அதற்காகத்தான்.

4

ரெக்ஸ் உழவர்கரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவன் வாய் சும்மா இருக்காது.

"தாத்தா என்னா க்ளியரா வந்துருக்காரு பெரியப்பா! உங்க மூஞ்சியில ஆரம்பிச்சும் உங்க மூக்கு ஒட்டலியே. தப்பிச்சாரு மனுஷன்."

சூசைமேரி சிரித்தாள். ஃபாதரும் சிரித்தார். ஆஷ்லின் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

"எத? மூக்கையா?"

"ஒட்டலன்னியே. கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்கணும்ணே. ரெண்டு கோலத்துல இவ்ளோ சுத்தமா போவாது."

இனியவன் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து கணினியை எடுத்தான். "ஆரம்பப் படம்னு எதக் குடுத்தே?"

"பிரான்சுவா."

"தேட வேண்டியது?"

"பிரான்சுவா."

"எந்த பிரான்சுவா?"

[இங்கே ஒரு மௌனம். யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுத வருகிறது. அந்த மௌனத்தை எழுத வரவில்லை. முயன்றுவிட்டு அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன்.]

கணினியில் இரண்டு படங்களுக்கும் பிரான்சுவா என்றே பெயர். தொடக்க ஊகமாக அவள் கொடுத்தது என் முகம் அல்ல, விடையையே கொடுத்திருக்கிறாள். கணினி எதையும் தேடவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. இப்போது உண்மையிலேயே என் முகத்தைக் கொடுத்து அங்கேயே ஓட்டிப் பார்த்தார்கள். பூஞ்சை பிடித்த சுவர் போல ஒன்று வந்தது. நடுவில் என் மூக்கு.

"சிலான்ஸ்!" என்றேன். நான் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், வகுப்பை அடக்கும் அந்தச் சொல் தானாக வரும். "இது இந்த மேசைய விட்டு வெளிய போகக் கூடாது."

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதா வச்சிக்கிறேன்," என்றார் ஃபாதர், கேக்கைப் பார்த்தபடி.

"வச்சிக்காதீங்க ஃபாதர். கட்டுரைய வாபஸ் வாங்கப் போறேன்," என்றாள் ஆஷ்லின்.

"டாக்டர் பட்டம் தள்ளிப் போவுமே கண்ணு," என்றாள் சூசைமேரி.

"போவட்டும் பெரியம்மா."

"உன் பேரு என்னாவறது?" என்றேன். "நம்ம பேரு?"

"அதாலதான வந்துது பெரியப்பா," என்றாள்.

கேக்கை யாரும் வெட்டவில்லை.

5

முதல் தொடக்கத்தை அடித்த காரணம். "மாசற்ற பெயர்" என்று ஆரம்பித்தபோது கதை தடங்கலே இல்லாமல் ஓடியது. மூச்சுவிடாமல் எழுதினேன். அப்போது ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது: "அவசரத்தில் இனியவன் தவறான படத்தை—"

அங்கே பேனாவை வைத்துவிட்டேன். நான் எதில் தொடங்கினேனோ அதையே கதை எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இனியவன் கதைக்கு மிகவும் வசதியான பாத்திரம். தவளக்குப்பத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். நமக்கு உறவில்லை, நம் கோவிலுக்கு வருகிறவன் இல்லை, அதிகம் பேசுகிறவனும் இல்லை. எந்தப் பழியையும் அவன்மேல் வைத்தால் நிற்கும். இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் எழுதுகிறவன் சந்தேகப்பட வேண்டும், தன்னைத்தான்.

6

முடிவுகள்.

அ) ஆஷ்லினின் பேராசிரியர் அவள் நேர்மையை மெச்சுகிறார். நடக்கவில்லை. ஆய்வுக்கூடமே தலைகுனிந்தது என்று கத்தினார். அவருடைய கோபம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

ஆ) இன்னும் நிறைய கோலங்களைப் போட்டு, எவர் முகமும் இல்லாத வெறும் புள்ளிக் குப்பையில் தொடங்கி, நியாயமாகவே மீட்டுவிடுகிறாள். நடக்கலாம். இதை எழுதும் நாள்வரை நடக்கவில்லை.

இ) சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிவிடுகிறேன். இதை எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் கழற்றினால் ஏன் என்று கேட்பார்கள். மாட்டியே இருந்தால் எப்படி எடுத்தது என்று கேட்கிறார்கள். எந்தக் கேள்வி குறைவாக வலிக்கும் என்று இன்னும்

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. உங்களுக்குப் பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் என் வெட்கம் குறையாது.

ஆனால் ஒன்றை உங்கள் விருப்பத்துக்கு விட முடியாது. தவறு அந்தப் பையனுடையது, அவனைக் காப்பாற்றத்தான் எங்கள் பெண் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் அதை மறுப்பதில்லை.

அது பொய். இனியவன் அந்தப் படத்தைத் தொடவே இல்லை. தவறாகக் கொடுத்தவள் ஆஷ்லின், என் தம்பி மகள்.