பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணிக்கு

மகள் இருக்கும் ஊருக்கு விமானத்தில்தான் போக முடியும். பிரசவ நாள் நெருங்குகிறது, அம்மா பக்கத்தில் இருந்தால் போதும் என்று மூன்று மாதமாகக் கெஞ்சினாள். அம்மாவோ வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூடிய வண்டியில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். இறங்கி நாலு எட்டு நடந்தால்தான் சரியாகும். ஆகாயத்தில் எங்கே இறங்குவது?

கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்தவர் வீட்டுக்காரர். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் அனுப்பிய டிக்கெட்டை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிப்போவில் டிரிப் ஷீட் பார்க்கிற தோரணையில் பார்த்தார். காலை பத்துக்குப் புறப்பாடு, பகல் ஒன்றுக்குப் போய்ச் சேரும். மூணே மணி நேரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒன்றிலிருந்து பத்தைக் கழிக்க அவருக்கா தெரியாது? அவளும் நம்பிப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, மகள் போனில் பேச்சுவாக்கில் எட்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்றாள். கிலோமீட்டர் என்ற சொல் காதில் விழுந்தால் டிரைவரால் சும்மா இருக்க முடியாது. மூன்றால் வகுத்தார். மணிக்குக் கிட்டத்தட்ட மூவாயிரம் வந்தது. எந்தக் கொம்பன் ஓட்டினாலும் அந்த வேகம் வராது. டிக்கெட்டில் அச்சுப்பிழையா என்று மகளைக் கேட்டார். அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகார நேரம்தான் போடுவார்களாம். இரண்டு ஊருக்கும் எட்டு மணி நேர வித்தியாசம். பயணம் மொத்தம் பதினோரு மணி நேரம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், எட்டு மணி நேரத்தை எங்கே மறைப்பது? சொன்னால் பெட்டி பரணுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால், ஒரு மணி அடித்ததும் இவள் நடுவானத்தில் இறங்க எழுந்து நிற்பாள். பஸ் நிறையப் பேரைச் சமாளித்த மனிதருக்கு ஒரே ஒருத்தி முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவளை ஏமாற்றிக் கூட்டிப்போக அவருக்கு மனசு வரவில்லை. மென்று விழுங்கி, ஒரு வழியாகச் சொல்லிவிட்டார்.

அவள் குழந்தைத் துணிகளை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"நடுவுல எங்கயும் நிக்காதா?"

"நிக்காது."

"அவ்வளவு நேரமும் நீங்க எங்க இருப்பீங்க?"

இது என்ன கேள்வி என்று அவருக்குப் புரியவில்லை. "உன் பக்கத்து சீட்லதான்."

அவள் மறுபடியும் துணியை எடுத்து மடித்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து உங்களோட எந்த ஊருக்குப் போனாலும் நீங்க ஓட்டிக்கிட்டு இருப்பீங்க, நான் பின்னாடி உக்காந்து உங்க பிடரியைப் பாத்துக்கிட்டு வருவேன். பதினோரு மணி நேரம் பக்கத்துல உக்காருவீங்கன்னா, மூச்சு முட்டினா முட்டட்டும். கையை மட்டும் விட்டுடாதீங்க."