அக்கா கொடுத்த பச்சை

பழைய கையெழுத்துப் பிரதிகளில் உள்ள வண்ணங்களைப் பரிசோதிப்பது தங்கையின் வேலை. அதே நூலகத்தில் ஒரு மாடி கீழே, கிழிந்த பக்கங்களுக்கு ஒட்டுப் போடுவது அக்காவின் வேலை. "மேல மூளை, கீழ பசை" என்று அக்காவே கேலி பேசுவாள்.

போன வருடம் ஒரு மத்தியானம் அக்கா சின்னக் காகித உறையோடு படியேறி வந்தாள். செடிகொடிப் படங்கள் நிறைந்த பிரதி ஒன்று பத்துத் தொகுதிகளாகக் கீழே வந்து இறங்கியிருந்தது. இலைகள் எல்லாம் கண்ணைப் பறிக்கும் பச்சை.

"டாக்டரம்மா, இந்த நோயாளியக் கொஞ்சம் பாருங்க. பொடிப்பொடியா உதிருது. எவ்வளவு கழுவினாலும் நக இடுக்குல நிக்குது. என்னன்னு சொல்லு."

"வெச்சிட்டுப் போக்கா. கண்காட்சிக்குப் போற சிவப்பெல்லாம் வரிசையில நிக்குது. முடிச்சதும் பாக்கறேன்."

உறை இழுப்பறைக்குள் போனது. கண்காட்சி முடிந்தது, அடுத்த வேலை தலைக்கு மேல் வந்து நின்றது. அக்காவும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

நாலைந்து மாதத்தில் அக்காவின் விரல்கள் மரத்துப்போயின. உள்ளங்கை தடித்தது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை. ஒரு வைத்தியர் சத்துக்குறைவு என்றார், இன்னொருவர் நரம்பு என்றார். ஆள் பாதியாக இளைத்தும் அவள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். ஒருநாள் காலையில் வேலைமேசையிலேயே சாய்ந்தாள். அவளுடைய இதயம் நின்றுவிட்டது.

சில வாரங்கள் கழித்து, பிளேடு தேடி இழுப்பறையைத் துழாவிய தங்கையின் கையில் அந்த உறை அகப்பட்டது. மேலே அக்காவின் குண்டு குண்டான எழுத்து. உள்ளே இருந்த பச்சைப் பொடியை, நிறத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவியின் அடியில் வைத்தாள். இரண்டே நிமிடம், செம்புக்கும் ஆர்சனிக்குக்கும் உரிய கோடுகள் திரையில் மலைபோல் எழுந்தன. அந்தக் காலத்து ஓவியர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நஞ்சுப் பச்சை அது.

அன்றே அக்கா வீட்டுக்குப் போனாள்.

"அத்தான், அக்கா சீப்பு இருக்கா?"

அவர் ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். முடி இன்னும் அதில் சிக்கியிருந்தது. அந்த முடியிலும் ஆர்சனிக் இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். உறை வந்த தேதியையும் மறைக்கவில்லை.

அத்தான் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார். "மறுபடி கேட்டாளா?"

"இல்ல அத்தான்."

"கேக்க மாட்டா. என்கிட்டயும் எதையும் ரெண்டாவது தடவ கேட்டதில்ல." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் அறிக்கை எழுதினாள். தன் தாமதத்தையும் அதில் சேர்த்தாள். மேலதிகாரி அந்த வரி வேண்டாமே என்றார். "இருக்கட்டும் சார்" என்றாள். பழுதுபார்க்கும் அறையைப் பூட்டினார்கள். அங்கே அக்காவோடு வேலை செய்த மற்ற இரண்டு பெண்களுக்கும் உடம்பில் நஞ்சு ஏறியிருப்பது தெரிந்தது; வைத்தியத்தில் இருவரும் தேறிவிட்டார்கள். ஒருத்தி மேலே வந்து, "உங்களாலதான் பிழைச்சேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கையால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போதும் அத்தான் வீட்டுக்குப் போகிறாள். அவர் டீ போட்டுக் கொடுக்கிறார். மழை, மின்வெட்டு, முழங்கால் வலி என்று பேசுகிறார்கள். அக்காவின் பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.