ஏசி மாப்பிள்ளைக்கு வேர்க்குரு

"சூட்டு உடம்பு மாமி அவனுக்கு. மாம்பழம் ஒத்துக்காது. இதுக்குப் போய் ஊரைக் கூட்டறேளே," என்றாள் ராஜி.

"மாம்பழம் வயித்துக்குள்ளே போறது ராஜி. காலர் உரசற இடமாப் பார்த்து வந்து உக்காராது," என்றாள் சாவித்திரி. அவள் குரல் கீழே பால் பூத் வரைக்கும் கேட்டிருக்கும்.

டில்லி கிட்வாய் நகரில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. ராஜியின் பிள்ளை ஸ்ரீவத்ஸனுக்கும் சாவித்திரியின் பெண் ஷ்ருதிக்கும் ஆவணியில் நிச்சயதார்த்தம், தையில் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. பையனுக்கு குர்காவ்னில் வேலை. மெட்ரோவில் ஏசி, ஆபீஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிற அளவுக்கு ஏசி என்று ராஜியே காலனி பூராவும் சொல்லி வைத்திருந்தாள். அப்பேர்ப்பட்ட பிள்ளை முந்தாநாள் வாசலில் குனிந்து ஷூ மாட்டும்போது பின்கழுத்தில் கேழ்வரகைத் தூவினாற்போல வேர்க்குரு. சாவித்திரி கண்ணிலிருந்து இந்தக் காலனியில் எது தப்பியிருக்கிறது, இது தப்ப?

"சந்தனம் இழைச்சுப் போட்டிருக்கேன். அமுங்கிடும்."

"சந்தனம் போடு, முல்தானி மிட்டி போடு, பவுடரை அப்பு. வேர்வை வெளியே வர வழியில்லாமத்தான் இது வரதுன்னு டாக்டரே சொல்றார். ஏசியிலே உக்காந்திருக்கறவனுக்கு வேர்வை எங்கேர்ந்து வந்தது? எனக்கு அதைச் சொல்லு. வேலை இருக்கா, போயிடுத்தா?"

ராஜி கதவைச் சாத்திக்கொண்டாள். அதைவிட வேறு பதில் வேண்டுமா? கையில் கிடைத்த வெற்றியோடு சாவித்திரி வீட்டுக்குள் நுழைந்தாள். ஷ்ருதி லாப்டாப்பில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்டி. அவனுக்கு வேலை போயிடுத்து."

"தெரியும்மா. ஏப்ரல்லயே ஆள் குறைச்சுட்டா. வேற கிடைக்கற வரைக்கும் பைக்ல பார்சல் டெலிவரி பண்றான்."

"தெரிஞ்சுமா வாயை மூடிண்டிருந்தே?"

"அவன் பண்றது திருட்டு இல்லையே. அந்த நைலான் டிஷர்ட்தான் எமன். காத்தே போகாது. முதுகு பூரா, இடுப்பு வரைக்கும் இருக்கு, பாவம். கேலமைன் தடவிவிட்டாத்தான் அரிப்பு அடங்கறது."

சாவித்திரி பார்த்தது கழுத்தை மட்டும்.

"முதுகு உனக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோ கால்ல காமிச்சான்."

"வீடியோ கால்லயே கேலமைனும் தடவலாமோ?"

ஷ்ருதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மோதி பாக்கில் சிநேகிதி மேதா வீட்டுக்குப் போனாளே, மேதாவின் அப்பா அம்மா கோடை முழுக்க ஊரில் இல்லையே என்பதெல்லாம் சாவித்திரிக்கு வரிசையாகத் தோன்ற ஆரம்பித்தது. மேற்கொண்டு கேட்கத் துணியவில்லை. முகத்தைக் கழுவி, குங்குமத்தைச் சரிபண்ணிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டினாள்.

"வேலை இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும் ராஜி. நிச்சயதார்த்தம்னு தனியா எதுக்கு? ஆவணி முதல் முகூர்த்தத்துலயே கல்யாணத்தை முடிச்சுடலாம்."

ராஜி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்ன மாமி, திடீர்னு இவ்வளவு ஜல்தி?"

"நல்ல காரியம் பாரு," என்றாள் சாவித்திரி. ராஜிக்கு அந்தச் சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. மார்கழியில் ஸ்ரீவத்ஸனுக்கு வேலை கிடைத்து இருவரும் புனே போனார்கள். மறு வருஷம் மேதா ஒரு பஞ்சாபிப் பையனைக் கட்டிக்கொண்டு சண்டிகருக்குக் குடிபோனாள். ஷ்ருதியின் சிநேகிதி ஆயிற்றே என்று அந்தக் கல்யாணத்துக்குக் காலனியே போயிருந்தது, சாவித்திரியைத் தவிர.