ரசாக் பாயின் முதுகில் ஒரு குடை

1

இந்தக் கதை என் முதுகில் பிறந்தது. வால்பாறை பஸ்ஸில் பின்னால் நின்றவர் எதையோ வைத்து என் முதுகில் அழுத்தினார். துப்பாக்கி என்று பயந்து எழுந்துவிட்டேன். அவர் என் இடத்தில் உட்கார்ந்தார். கையில் குடை. அந்த அவமானத்தை வேறொருவர் தலையில் கட்டலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

1938 ஐப்பசி, ரம்ஜான் மாதம். வால்பாறையில் குடை ரிப்பேர் செய்யும் ரசாக் பாய், நோன்போடு, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி நஞ்சுண்டன் வீட்டுக்குப் போய், சரிசெய்த குடையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி...

(திரும்பினால் கதை முடிந்துவிடும். அடித்துவிட்டேன்.)

...குடையைச் சுவரில் சாய்த்தார். எதிரே தட்டில் ஒப்புட்டு. பருப்பும் வெல்லமும் வைத்து நெய்யில் சுட்டது. சுட்டவர் கங்காணியின் மாமியார் சென்னியம்மாள். அதில் விஷம் இருக்கும் என்பது மருமகனின் நெடுநாள் சந்தேகம். ருசி பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

பாயின் முதுகில் ஏதோ அழுத்தியது.

"திரும்பாதீங்க பாய், துப்பாக்கிங்க. அந்த ஒப்புட்ட ஒரு வாய் கடிச்சுப்போடுங்க. இல்லாட்டிச் சுட்டுப்போடுவனுங்க."

"நோன்புங்க."

"தெரியுமுங்க. மன்னிச்சுக்கோங்க. கடிங்க."

கடித்தார். சாகவில்லை. திரும்பினார். காலையில் தன் கையால் கம்பி மாற்றிய அதே குடை.

(முதல் பிரதியில் நிஜத் துப்பாக்கியே வைத்திருந்தேன். பாய் நிரபராதி ஆகிவிட்டார், கதை செத்தது.)

3

பள்ளிவாசலில் நசுருதீன் ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார்.

"உசுருக்குப் பயந்து கடிச்சிருந்தா உங்க மேல குத்தமில்லீங்க. ஒரு நோன்பு திருப்பி வெச்சாப் போதும். குடைன்னு தெரிஞ்சே கடிச்சிருந்தா, அதோட சேத்து இன்னும் அறுபது, விடாம. நடுவுல ஒண்ணு விட்டாலும் மறுபடி ஒண்ணுலிருந்து."

"பயந்த மாதிரியும் இருந்துச்சுங்க. பசிச்ச மாதிரியும் இருந்துச்சுங்க."

"அத நான் எப்படிங்க பாக்கறது? அல்லாவுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்."

வீட்டில் மனைவி பக்ருன்னிசா அவ்வளவு பொறுமை காட்டவில்லை.

"ஏனுங்க, முப்பது வருசமாக் குடையத் தொடறீங்க. குடை கூடவா தெரியல?"

"கைக்குத் தெரியும் அம்மணி. முதுகுக்குத் தெரியாதே."

"சரிங்க. அப்ப ஏலக்காய் பத்தலைன்னு சென்னியம்மாகிட்டச் சொன்னது எந்த முதுகுங்க?"

4

'பாய் மெய்யாகவே பயந்துதான்' என்று எழுதத் தொடங்கினேன். அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"ஏனுங்க எழுத்துக்காரரே, பதினாலு நோன்பு ஒழுங்காப் போயிட்டிருந்துச்சு. கங்காணி கையில குடை. உங்க கையில பேனா. என்னக் கட்டாயப்படுத்துனது யாருங்க? அறுபதையும் நீங்களே வெச்சுப்போடுங்க."

என்னிடம் பதில் இருந்தது. நன்றாக இல்லாததால் அடித்துவிட்டேன்.

5

ஆகவே ஒரு வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன்: ஒப்புட்டு உதட்டில் பட்டபோது பாய் நினைத்தது, முதுகில் இருப்பது ______.

சீக்கிரம் நிரப்புங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அந்த அறுபது நாள் பட்டினியை நேற்றே நான் ஆரம்பித்துவிட்டேன். இன்று இரண்டாம் நாள். மணி பன்னிரண்டு. அடுப்படியில் என் மனைவி நாச்சியம்மாள் ஒப்புட்டு சுடுகிறாள், ஏலக்காய் தாராளம்.

கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.