வால் வைத்த டம்ப்ளிங்

குறை சொன்னால் தையல்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மனைவி இறந்த பிறகு, முதல்முறையாகக் கான்டனீஸ் டம்ப்ளிங், அதாவது மீனும் இறாலும் அடைத்துப் பொரிக்கும் சீனக் கொழுக்கட்டை, செய்ய அடுப்படிக்கு வந்திருந்தார். அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அவளுடையதில் மீன் மட்டும் வைத்து, அடையாளத்துக்கு மாவில் ஒரு வால் இழுத்துவிடுவார்.

மொறுமொறுவென்று பொரிந்ததை மகள் அரித்தெடுத்தாள். நாலுக்கு வால் இருந்தது.

“அப்பா, இது யாருக்கு?”

“கைப்பழக்கம்மா. நானே சாப்பிடுறேன்.”

ஒன்றைக் கடித்தார். சப்பென்று இருந்தது. உப்பை இறாலில் மட்டும்தான் போட்டிருந்தார், எப்போதும் போல.

“அம்மா ஒருநாளாவது உப்பில்லன்னு சொன்னாளா?”

“உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க.”

மகள் உப்பு ஜாடியை நகர்த்தினாள். அவர் அதைத் தொடாமல் நாலையும் தின்று முடித்தார்.