மெத்தை விற்ற குரல்

பதினோரு வருடமாக மெத்தைக் கம்பெனியின் ஹெல்ப்லைனில் பேசிக்கொண்டிருந்தவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பதைச் சொல்ல, கம்பெனி கேக் வெட்டியது. கேக்கின் மேல் ‘மாற்றமே வளர்ச்சி’ என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னவர் டிஜிட்டல் உருமாற்றத் தலைமை அதிகாரி. அந்தப் பதவியை ஒரே மூச்சில் சொல்ல முடியாததாலும், அவர் வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வருகிறது என்பதாலும், அலுவலகத்தில் எல்லோரும் அவரை மாற்றம் சார் என்றார்கள்.

“இனிமே விளம்பரம்னா சுவத்துல ஒட்டற போஸ்டர் இல்ல” என்றார் மாற்றம் சார், திரையில் ஓடும் வண்ண வட்டங்களைக் காட்டி. “ஒருத்தர் போன்ல முதுகு வலின்னு தேடினா போதும். அடுத்த நிமிஷம் நம்ம ‘தோழி’ அவரக் கூப்பிடுவா. விசாரிப்பா, சிரிப்பா, மெத்தைய வித்துட்டு வச்சிடுவா. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, பாத்ரூம் கிடையாது.”

“யார் குரல்ல சார் பேசுவா?” என்று கேட்டாள் அவள்.

“உங்க குரல்லதான்! ஜனங்க நம்பற குரல் ஆச்சே. குரல் மட்டும் போதும், நீங்க சிரமப்பட வேண்டாம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையில் கேக் இருந்ததால் தட்ட முடியவில்லை.

பணியாளர் பிரிவில் இருந்தவளிடம் போய், “என் குரல் என்னோடது இல்லையா?” என்று கேட்டாள். பதினோரு வருடத்துக்கு முன் இவள் கையெழுத்திட்ட தாளை அந்தப் பெண் எடுத்து நீட்டினாள். ஒன்பதாவது விதி: ‘பணி நேரத்தில் எழுப்பப்படும் ஒலிகள் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை.’

“தும்மலுமா?”

“தும்மலும்தான்க்கா.”

ஒரு வாரத்தில் சோதனை ஓட்டம் தொடங்கியது. குரல் அவளுடையது, வசனம் மாற்றம் சார் எழுதியது. அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார்.

“மூட்டு வலின்னு போன்ல தேடிட்டு இருந்தேன், உன்ன மாதிரியே பேசற பொண்ணு ஒருத்தி கூப்பிட்டா. என்ன பதவிசு! ‘அம்மா, மூட்டு இப்போ எப்படி இருக்கு?’ன்னு கேட்டா. நீ இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள் கேட்டிருப்பியா?”

“அது நான்தான் அத்தை. என் குரல்.”

“உன் குரலா? உனக்கு இவ்வளவு நல்லாப் பேசத் தெரியும்னா இத்தன வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?”

வேலை போவதைக்கூட அவள் ஒரு மாதிரி விழுங்கியிருப்பாள். தன் தொண்டையே தன் வீட்டுக்குள் வந்து தன்னைவிட நல்ல மருமகளாக நடந்துகொள்வதை விழுங்க முடியவில்லை. அந்தக் குரலை மீட்க வேண்டும். எடுத்தவனைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாற்காலி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் வாடிக்கையாளர் நட்சத்திரம் கொடுக்க வேண்டும் என்றும், ஒரே வாரத்தில் மூன்று ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குப் போகலாம் என்றும் விதி எழுதியவர் மாற்றம் சார். கம்பெனி மெத்தையில் விழுந்த பள்ளத்துக்கு அவள் நட்சத்திரத்தை இழந்திருக்கிறாள். ஒருமுறை இரண்டு விழுந்துவிட, மிச்ச வாரம் முழுவதும் தொண்டைக் கட்டோடு தேன் ஒழுகப் பேசிக் கரையேறினாள்.

மறுநாள் மாற்றம் சாரே அவள் கையில் கத்தியைக் கொடுத்தார். கேக் வெட்டும் கத்தி அல்ல.

“இன்னும் மூணு மாசம் நீங்க பேசறதெல்லாம் தோழிக்குப் பாடம். அஞ்சு நட்சத்திரம் வாங்கின அழைப்ப மட்டும் படிச்சு, அதே மாதிரி பேசக் கத்துக்குவா. நான் எழுதின வசனமெல்லாம் அப்புறம் வேண்டாம்.”

“பாடத்த நீங்க ஒருதடவ கேட்டுப் பாப்பீங்களா சார்?”

“நான் எதுக்கும்மா கேக்கணும்? நட்சத்திரம் பேசுமே!”

அவள் தலையாட்டினாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக வேலையில் ஓர் ஆசை வந்தது.

அன்றிலிருந்து அவள் உண்மை பேசத் தொடங்கினாள்.

“அண்ணே, இந்த ‘மேகம்’ மெத்தை வேண்டாம். விளம்பரத்துல யானை ஏறி நிக்குது, சரிதான். அது கம்ப்யூட்டர் யானை. நீங்க மட்டும் படுத்தாலே எட்டு மாசத்துல நடுவுல குழி. நம்மகிட்டயே விலை கம்மியா ஒரு பஞ்சு மெத்தை இருக்கு, அத யாரும் விளம்பரம் பண்ண மாட்டாங்க. அத எடுங்க.”

“அக்கா, பழசத் திருப்பிப் போட்டுப் படுங்க. இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். எதுக்கு இப்போ புதுசு?”

 மறுமுனையிலிருந்து “நீ நல்லா இருக்கணும்மா” என்று வரும். ஐந்து நட்சத்திரம். சிலர் ஆறாவதைக் கொடுக்க வழியுண்டா என்று கேட்டார்கள். மாற்றம் சாரின் திரையில் பச்சைக் கோடு கூரையை முட்டியது. மேகத்தின் விற்பனை சரிந்ததற்கு அவர் மழைமேல் பழி போட்டு இருபது பக்க அறிக்கை எழுதினார். வானம் மறுப்பு வெளியிடவில்லை.

கடைசி நாளில் அவளுக்கு ஒரு தலையணை பரிசளித்தார்கள். ஓரத்தில் தையல் விட்டிருந்தது. கடையிலிருந்து திரும்பி வந்த சரக்கு என்று அவளுக்குத் தெரியாதா? அந்தப் புகாரை எடுத்ததே அவள்தான்.

தோழியின் அறிமுக விழாவுக்கு அவளையும் கூப்பிட்டார்கள், ‘குரலின் தாய்’ என்று. பெரிய கூடம், காலை பதினோரு மணி. இருநூறு கடைக்காரர்கள், முன்வரிசையில் முதலாளி. புகை வந்தது, நீல விளக்கு வந்தது, கடைசியாக மாற்றம் சார் வந்தார், சட்டைக் காலரில் மைக்கோடு. மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கி மெத்தை வரைக்கும் அரை மணி நேரம் பேசினார்.

“இப்போ நம்ம முதலாளியே ஒரு சாதாரண வாடிக்கையாளரா தோழிகிட்டப் பேசப் போறார்!”

முதலாளி மேடையேறித் தொண்டையைக் கனைத்தார். “வணக்கம்மா. எனக்கு முதுகு வலி. மேகம் மெத்தை வாங்கலாம்னு இருக்கேன்.”

கூடம் முழுவதும் அவள் குரல் நிறைந்தது. “வணக்கம் அண்ணே. வயசு எவ்வளவு?”

“அறுபத்திரண்டு.”

“அப்போ உங்களக் கூடப்பிறந்த அண்ணனா நெனச்சுக் கும்பிட்டுக் கேக்கறேன், மேகம் வேண்டாம். எட்டு மாசத்துல குழி விழும். நீங்களும் அண்ணியும் கோவிச்சுக்கிட்டு ஆளுக்கொரு ஓரமாப் படுத்தாலும் நடுவுல வந்துதான் முட்டிக்குவீங்க.”

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி மாற்றம் சாரைப் பார்த்தார். மாற்றம் சார் திரையைப் பார்த்தார். திரை பச்சையாகத்தான் இருந்தது.

“ஆனா... விளம்பரத்துல டாக்டரே சிபாரிசு பண்றாரே?” என்றார் முதலாளி. பிடிவாதமா, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையா, தெரியவில்லை.

“எந்த டாக்டர் அண்ணே? அவர் நம்ம குடோன் சூப்பர்வைசர். வெள்ளக் கோட்டு மட்டும் வாடகை. கழுத்துல தொங்கறத எந்தக் காதுல மாட்டறதுன்னு ஷூட்டிங்ல கேட்டவர் அவர்.”

நான்காவது வரிசையில் இருந்த குடோன் சூப்பர்வைசர் மெதுவாகக் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார்.

“நிறுத்து!” என்று கத்தினார் மாற்றம் சார்.

“கோவப்படாதீங்க அண்ணே. எங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. வேற ஏதாவது தெரியணுமா?”

“தெரியணும்! சொல்லும்மா!” என்று இருநூறு கடைக்காரர்களும் கத்தினார்கள். குழி விழுந்த மெத்தையைத் திருப்பி வாங்கி வசவு தின்றவர்கள் அவர்கள்தானே. குரலின் தாய் எழுந்து நின்று கைதட்டினாள். இந்த முறை அவள் கையில் கேக் இல்லை.

தோழியின் கம்பியைப் பிடுங்கினார்கள். மறுநாள் முதலாளி அவளுக்குப் போன் செய்தார். வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்.

“முதல்ல என் குரல அழிங்க சார். என் கண் முன்னாடி. வர்றதப் பத்தி அப்புறம் பேசலாம்.”

அழித்தார்கள். பொத்தானை அழுத்தியது மாற்றம் சாரின் விரல். பக்கத்தில் நின்று பார்த்தவள், “லைன் சும்மா கிடக்கக் கூடாதே சார், ஜனங்க கூப்பிடுவாங்களே. அதுவரைக்கும் யார் உக்காருவாங்க?” என்று முதலாளியிடம் அக்கறையாகக் கேட்டாள்.

முதலாளி யோசிக்கவே இல்லை. “இவர்தான். மாற்றம் வேணும்னாரே.” கொஞ்சம் நிறுத்தி, “நட்சத்திர விதி எல்லாருக்கும் பொது” என்றார்.

திங்கட்கிழமை காலை, சமையலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் தன் போனை எடுத்தாள்.

“வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” மறுமுனையில் மாற்றம் சாரின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

ஒரு மெத்தையில் எத்தனை தையல், எந்தத் திசையில் தலை வைத்தால் குழி தள்ளிப்போகும், தையல் விட்ட தலையணைக்கு ஊசி தருவீர்களா என்று இருபத்தைந்து நிமிடம் கேட்டாள். அவருக்கு யாரென்று புரிந்தது. வைக்க முடியாது, வாடிக்கையாளர் வைக்கும்வரை லைனைத் துண்டிக்கக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான்.

“அம்மா, தயவுசெஞ்சு... அஞ்சு நட்சத்திரம்...”

“கண்டிப்பா சார்” என்று சொல்லி ஒன்றை அழுத்தினாள்.

பிறகு கணவனின் போன். அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான். “ஏதாவது கேக்கணுமா, இல்ல நேரா ஒண்ணா?”

“மரியாதைக்கு ஏதாவது கேளுங்க.”

மணி என்ன என்று கேட்டுவிட்டு அவனும் ஒன்றை அழுத்தினான்.

மூன்றாவது போன் மாமியாருடையது. அவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை. இணைப்புக் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, முன்னாடி ஒரு பொண்ணு பேசுவாளே, மூட்டு எப்படி இருக்குன்னு கேப்பாளே, அவ எங்க?”

“அவ... அவள அழிச்சாச்சு அம்மா.”

“யார் அழிச்சது?”



“நான்தான் அம்மா” என்றார் மாற்றம் சார்.

மாமியார் போனைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். “இந்தாம்மா, இதுல ஒண்ணு எங்க இருக்கு?”

மருமகள் காட்டினாள்.