கூட்டிச் சொன்ன பத்து வயது

எரியோட்டுப் பக்கத்து நூல் மில்லை மூடி எட்டு மாதமாகிறது. பவுல்ராஜ் வேலை தேடுவதையே விட்டு இரண்டு மாதம். இருபது வருடம் மெஷினோடு நின்றவருக்குத் தொழில் தெரியாமல் இல்லை. ஆதார் அட்டைதான் குறுக்கே நின்றது. அட்டை எடுக்கும்போது, முதியோர் பென்ஷன் சீக்கிரம் வருமே என்று பத்து வயதைக் கூட்டிச் சொல்லிவிட்டார். நாற்பத்து மூன்று வயது மனிதருக்கு அட்டையில் ஐம்பத்து மூன்று. ஆறு மில்லில் அதைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மனைவி பிரிஸ்கில்லா மல்லிகை பறிக்கப் போய்த்தான் உலை கொதித்தது. பசியும் அவரைக் கிளப்பவில்லை, அவள் கண்ணீரும் கிளப்பவில்லை. பொய்க்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார்.

ஒருநாள் விடியற்காலை வாசலில் வேன் வந்து நின்றது. பழைய மில்லுக்கு அவரை ஏற்றிப்போன சௌகத் அலி, இப்போது வேறு மில்லுக்கு ஓட்டுகிறார்.

"ஏலே பவுலு, ஏறு."

"எதுக்கு பாய்? அட்டையில நான் கிழவன்."

"கிழவனுக்கு முன்சீட்டு. அங்க வேலை இருக்கான்னு எனக்குத் தெரியாது. கேட்டுப் பாரு, சாயங்காலம் நானே கொண்டாந்து விடுறேன்."

பிரிஸ்கில்லா சட்டையை நீட்டினாள். தனக்காக ஒரு வண்டி நின்றுகொண்டிருப்பதை அவரால் தள்ள முடியவில்லை. ஏறினார்.

மில் அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்பத்திமூணா? வேணாம்யா."

"நாப்பத்திமூணுதான் சார். அன்னைக்குக் கூட்டிச் சொல்லிட்டேன்." இதுவரை எந்த மில்லிலும் சொல்லாதது.

"இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமாக்கும்?"

பவுல்ராஜ் அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். ஷிப்டு முடியும்வரை கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வேனில் பஞ்சு ஒட்டிய தலையோடு பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. ஒருத்தி பாதி பன்னைப் பிட்டுக் கையில் வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்.

வீட்டு முன்னால் இறங்கியவர் வேன் கதவைச் சாத்தாமல் நின்றார்.

"பாய், வேடசந்தூர் ரோட்டுல ஒரு மில்லு இருக்கே, அந்த வழியாவா போவீங்க?"

"போவேன். அங்கயும் அட்டையைத்தான் கேப்பான்."

"கேக்கட்டும்," என்றார் பவுல்ராஜ். "நாளைக்கு அங்க இறக்கி விடுங்க."